பல்லுக்கும் முதுகுக்கும் இடையில்

1956 ஜூன் 12, செவ்வாய்க்கிழமை. சுபஹ் தொழுது, தேநீர் குடித்து, தறிக் குழியில் இறங்கினேன். நண்பகல் லுஹர் வரை, ஆண்கள் இடுப்பில் கட்டும் சாரம் நெய்தேன். அறுந்த இழைகளை மூத்த மகள் முடிந்து தந்தாள். மருதமுனையில் எங்கள் வீட்டின் வழமையான நாள். மறுநாள்தான் வழமையில்லாதது. பத்து வயது இளைய மகளுக்குக் கல்முனைப் பல் வைத்தியர் இரண்டு பற்களைப் பிடுங்கவிருந்தார். மேல்வரிசை இடப்பக்கம் தள்ளி, கீழ்வரிசையோடு பொருந்தாமல் நின்றது. பிடுங்கப்போகும் இரண்டும் பால் பற்கள் அல்ல. போனால் திரும்பி முளைக்காது.

“நூலைக் கடிச்சுக் கடிச்சு வந்த வேலை,” என்றாள் மனைவி.

நெசவு வீடுகளில் முடிச்சுப் போட்டதும் மிச்ச நூலை வெட்ட யாரும் கத்தரி தேடுவதில்லை; பல்தான். ஆனால் மூத்தவள் இவளைவிட அதிகம் கடித்தவள். அவளுடைய பல்வரிசை நேராகவே இருந்தது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு இளையவள் ராட்டையில் நூல் சுற்றுவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். ஒரு தோள் தாழ்ந்திருந்தது. ராட்டையை விட்டு நிமிர்ந்து இருக்கச் சொன்னேன். அப்போதும் தாழ்ந்தே இருந்தது. துணியின் ஓரம் கோணினால் கோணின இடத்தில் மட்டும் நாங்கள் பிழை தேடுவதில்லை. நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் மறு தலையையும் போய்ப் பார்ப்போம். தறிக்கால் நடும்போது நேர் பார்க்கும் ஈயக்குண்டு நூலை எடுத்து, மகளின் பிடரியில் பிடிக்கச் சொல்லி மனைவியிடம் கொடுத்தேன்.

“என்ன வாப்பா, நான் தறிக்காலா?”

“தறிக்கால் இப்பிடி வாய் காட்டாது. ஆடாம இரி.”

சட்டைக்கு மேலாகவே தெரிந்தது. முதுகெலும்பு நூலை விட்டு இடப்பக்கம் வளைந்து, இடுப்பில் மீண்டும் வந்து சேர்ந்தது. ஒரு சாரத்தை மடித்து, அவள் இருந்த பலகையில், ஒரு பக்கத் தொடைக்குக் கீழே வைத்தேன். வளைவு கொஞ்சம் குறைந்தது.

“இப்ப பல்லைக் கடி மகள்.”

கடித்தாள். யோசித்தாள். “வேற இடத்தில முட்டுது வாப்பா.”

சாரத்தை எடுத்தேன்.

“இப்ப பழைய இடம்.”

“பல்லும் முதுகும் என்ன, சம்பந்திமாரா?” என்றாள் மனைவி. “டொக்டருக்குத் தெரியாததையா நீங்க கண்டுட்டீங்க?”

“அவரு வாயைத்தான் பார்த்தாரு. முதுகை நாம காட்டவும் இல்லயே.”

மனைவி தானே சாரத்தை வைத்தும் எடுத்தும் மகளைக் கடிக்கச் சொன்னாள். பிறகு, “ஓம், காட்டிப் பாப்பம். புடுங்கினாப் புடுங்கினதுதானே,” என்றாள்.

எது எதைக் கோண வைக்கிறது, அல்லது இரண்டையும் வேறொன்று கோண வைக்கிறதா என்று எனக்கு விளங்கவில்லை.

புதன்கிழமை காலை முதல் வேலையாகக் கல்முனைக்குப் போனோம். வைத்தியர் பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுக்குமுன், “ஐயா, பல்லுக்கு முந்தி இவள்ட முதுகை ஒருக்காப் பாருங்க,” என்றேன். அவர் முதுகைப் பார்க்க அவளைத் திரும்பிக் குனியச் சொன்னார்.