படமாளிகை ஓர்கனுக்கு நான் தோல் ஒட்டிய வருடம்

மார்க் நாணயம் போய் யூரோ வந்த புதிதில் எங்கள் நகரத்துச் சப்பாத்துத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பெண்கள் அணியும் மெல்லிய சப்பாத்துகளுக்குத் தோலின் ஓரம் சீவுவது அங்கே என் வேலை. இரண்டு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம் தடிப்பாக இருந்தால் காலைக் கடிக்கும். அதனால் ஓரத்தைக் கத்தியால் சாய்வாகச் சீவிச் சீவி, முடிவில் ஒன்றுமே இல்லாமல் போகும்படி செய்ய வேண்டும். அதற்கு இயந்திரமும் இருந்தது, ஆனால் விலை கூடிய சப்பாத்துகளுக்குக் கையால்தான். அகதியாக ஜேர்மனிக்கு வந்து, மொழி தெரியாமல் நின்ற காலத்தில் எனக்குக் கிடைத்த முதல் தொழில் அது. தோலைத் தொட்டவுடன் அதன் தடிப்பு விரலுக்குத் தெரிந்துவிடும் அளவுக்குக் கை பழகியிருந்தது.

தொழிற்சாலை போனபின் வேலை அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திக்க ஒரு நாளும் நேரமும், தந்தார்கள். என் கோப்பைப் புரட்டிய பெண், "தோல் வேலை எங்கேயும் இல்லை. பழைய படமாளிகையில் துப்புரவு வேலை ஒன்று இருக்கிறது" என்றாள். சரி என்றேன்.

அந்தக் கட்டடத்தை டிராமிலிருந்து பல தடவை பார்த்திருக்கிறேன். கறுத்துப்போன தூண்கள், பாதி எரியாத விளக்குகள், வாசலில் கிழிந்த விளம்பரம். உள்ளே போன முதல் நாள் வேறு மாதிரி இருந்தது. வாசல் மண்டபத்தில் சலவைக்கல் படிகள் இரண்டு பக்கமும் வளைந்து மேலே போயின. கைபிடிகள் பித்தளை. பச்சை பிடித்துக் கிடந்தன. முதல் வேலையாக அதில் ஒரு முழம் தேய்த்துப் பார்த்தேன், மஞ்சளாகப் பளிச்சென்று வந்தது. மேலாளர் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். அவரே ரிக்கற் விற்பார், அவரே படமும் ஓட்டுவார். ஐம்பது வயதிருக்கும். கட்டடத்தைப் பற்றிக் கேட்க ஒரு ஆள் கிடைத்தால் அவருக்குப் போதும்.

இருபதுகளில் கட்டியது, அப்போது படங்கள் பேசவில்லை என்று தொடங்கினார். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்து பார்க்கும் ஒரே மண்டபம். குழல்கள் சுவருக்குள் மறைந்திருக்கும் ஓர்கன் வாத்தியத்தின் வாசிக்கும் மேசை, திரைக்கு முன்னால் தரையிலிருந்து மெல்ல மேலே எழும்பும். வாசிப்பவர் ஒருவர்தான். ஆனால் குதிரை ஓடினால் குளம்புச் சத்தம், மழை பெய்தால் மழை, ரயில் வந்தால் கூவல், காதலர் சேர்ந்தால் வயலின் மாதிரி ஒரு குழைவு, எல்லாமே அந்த ஒரு ஆளின் கையிலும் காலிலும் இருந்து வரும். சில வருடங்களில் படம் பேசத் தொடங்கியது. வாசிப்பவர் வேலையை இழந்தார். யுத்தத்தில் தெருப்பக்கத்துக் கூரை போனது. அடுத்த குளிர்காலத்தில் சனங்கள் கதிரைகளைக் கழற்றி எரித்துக் குளிர்காய்ந்தார்களாம். ஓர்கனின் குழல்கள் இருந்த அறைக்கு வழி எது என்று யாருக்கும் தெரியாததால் அவை தப்பின. பிறகு வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தது. பெரிய மண்டபத்தைப் பலகைச் சுவர் வைத்து மூன்று சின்ன மண்டபங்களாக வெட்டினார்கள்.

"ஓர்கன்?" என்று கேட்டேன்.

"வாசிக்கும் மேசை நிலவறையில் இருக்கிறது. குழல்கள் சுவருக்குப் பின்னால். ஊமை" என்றார்.

இரண்டாவது வருடம் நகரசபை அந்தக் கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. அதற்காக அன்ட்ராக், விண்ணப்பம், எழுதி எழுதி மேலாளரின் தலைமயிர் நரைத்தது என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அடுத்த வருடம் பலகைச் சுவர்களை உடைத்த அன்று நான் மண்டபத்தின் நடுவில் நின்றேன். தூசி அடங்க அரைநாள் எடுத்தது. அடங்கியபின் மேலே பார்த்தால், பொன்நிறக் கொடிகளும் இலைகளுமாக ஒரே கூரை. மூன்று வருடமாக அதன் கீழே கூட்டித் துடைத்திருக்கிறேன், ஒருநாளும் முழுதாகக் கண்டதில்லை.

நகரத்தவர் சிலர் சேர்ந்து ஓர்கனைத் திருத்த ஒரு சங்கம் வைத்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற வழக்கறிஞர். ஓர்கன் கட்டுகிற தொழில் தெரிந்த ஒரு பெண்ணை ஹாலே நகரப் பக்கத்திலிருந்து அழைத்து வந்தார்கள். என் வயதுதான். சிரிப்புக் குறைவு, கையில் எப்போதும் ஒரு சின்ன லைற். குழல் அறைக்குள் இரண்டு நாள் கிடந்துவிட்டு வெளியே வந்து, சங்கத்தாரை மண்டபத்தில் கூட்டிச் சொன்னார். நான் பக்கத்தில் கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"குழல்கள் நன்றாக இருக்கின்றன. தோல்தான் செத்துவிட்டது" என்றார்.

ஒவ்வொரு குழலின் கீழும் காற்றுப்பெட்டிக்குள் கைக்குட்டை மடிப்பு அளவில்கூட இல்லாத ஒரு தோல் பை இருக்கிறது. வாசிக்கும் மேசையில் கட்டையை அழுத்தினால் அந்தப் பையின் காற்று வெளியேறும், பை சுருங்கும், அடைப்பு இறங்கும், குழல் பாடும். அப்படி நூற்றுக்கணக்கான பைகள். எல்லாம் காய்ந்து மாவாக உதிர்கின்றன. புதிதாகச் செம்மறித் தோல் வெட்டி, ஓரத்தைக் கடதாசியிலும் மெல்லிசாகச் சீவி ஒட்ட வேண்டும். பட்டறையில் கொடுத்துச் செய்தால் கையில் இருக்கும் நிதி அதற்கே முடிந்துவிடும் என்றார் அவர்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

நான் துணியை வாளிக்குள் போட்டுவிட்டு, "ஓரம் சீவ எனக்குத் தெரியும்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். தலைவர் பண்பாகத்தான் சிரித்தார். "இது மிக நுட்பமான வேலை, அம்மணி."

ஓர்கன் கட்டும் பெண் சிரிக்கவில்லை. தன் பெட்டியிலிருந்து ஒரு துண்டுத் தோலையும் கத்தியையும் எடுத்து நீட்டினார். கத்தி எனக்குப் பழக்கமில்லாத பிடி. கண்ணாடி மேசை ஒன்றில் தோலை விரித்து, இடது பெருவிரலால் அழுத்தி, ஒரே மூச்சில் இழுத்தேன். சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. அவர் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓரம் வெளிச்சத்தோடு வெளிச்சமாகக் கரைந்து நின்றது.

"எங்கே படித்தீர்கள்?"

"சப்பாத்துத் தொழிற்சாலையில்."

"நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் என் கணவர் உணவகச் சமையலறையில் நின்ற களைப்போடு கால் நீட்டி இருந்தார். சொன்னேன்.

"உமக்கு ஏன் இந்தத் தேவையில்லாத வேலை? பிழைச்சால் உம்மிலதான் சாட்டுவாங்கள்."

"பிழைக்காதுங்கோ."

"கூட்டிற வேலையும் போகும், பாரும்."

"போனால் போகட்டும். எனக்குத் தெரிஞ்ச வேலை இது. தெரியாது எண்டு சொல்லிப்போட்டு நிக்க ஏலாது."

அவர் எழும்பினார். சோற்றைச் சூடாக்கி எனக்கும் ஒரு கோப்பை வைத்தார்.

பார்வையாளர்கள் மேலங்கியைக் கழற்றி வைக்கும் பழைய அறைதான் எங்கள் பட்டறை. காலையில் துப்புரவு, பகலில் தோல். மிருகத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையைச் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்திருப்போம். ஆறினால் களியாகிவிடும், பிடிக்காது. அது மட்டும் கவனம் என்று முதல் நாளே ஓர்கன் கட்டும் பெண் சொல்லியிருந்தார். இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தம் வரை ஒட்டினோம்.

காற்று விட்டுப் பார்க்கும் நாள் வந்தது. நிலவறையில் மோட்டர் உறுமியது. காற்றுக்குழாய்களுக்குள் ஏதோ பெரிய மிருகம் மூச்சு இழுப்பதுபோல ஒரு சத்தம். ஓர்கன் கட்டும் பெண் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். மண்டபத்தின் இரண்டு பக்கச் சுவர்களிலிருந்தும் சத்தம் புறப்பட்டு வந்தது. மன்னாரில் எங்கள் தேவாலயத்தில் மிதித்து வாசிக்கும் சின்ன ஓர்கன் ஒன்றைத்தான் எனக்குத் தெரியும். இது நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து பேசியது. ஒரு வரிசைக்கு வந்தபோது சத்தம் நின்றது. பத்துப் பன்னிரண்டு கட்டைகள், அழுத்த அழுத்த ஒன்றும் இல்லை.

தலைவர் முன் வரிசையிலிருந்து எழுந்தார். "நுட்பமான வேலை என்று நான் அப்போதே சொன்னேன், இதைப் பட்டறையில் கொடுத்திருக்க வேண்டும்."

எனக்குக் காது சூடேறியது. ஓர்கன் கட்டும் பெண் அவரைப் பார்க்காமலே, "திறந்து பார்த்துவிட்டுப் பேசலாம்" என்றார். இருவரும் குழல் அறைக்குள் ஏறி, காற்றுப்பெட்டியின் அடிப்பலகையைக் கழற்றினோம். லைற்றைப் பிடித்தார். அந்த வரிசையில் பைகளின் ஓரம் கிளம்பி நின்றது. தோல் சரி, சீவலும் சரி. பசை பிடிக்கவில்லை.

பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. தை மாதத்தில் ஒரு நாள் கட்டடத்தின் வெப்பமூட்டி நின்றுவிட்டது. ஓர்கன் கட்டும் பெண் அன்று ஊரில் இல்லை. விரல் விறைக்க விறைக்க, அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் போவேன் என்று இருந்து ஒட்டினேன். பசை தோலில் படுமுன்னரே ஆறியிருக்கிறது. நிறுத்தியிருக்க வேண்டும். வீம்பில் நிறுத்தவில்லை.

இறங்கி வந்து தலைவரின் முன் நின்றேன். "அந்த வரிசை நான் ஒட்டியது. குளிரில் ஒட்டினேன். என்னுடைய பிழை. அந்த வரிசையையும் அன்று ஒட்டிய மற்றவற்றையும் கழற்றித் திரும்பச் செய்து தருகிறேன்."

அவர் சரி என்று தலையை ஆட்டினார். மேலாளர் எழுந்து போய் எனக்கு ஒரு கோப்பி கொண்டுவந்தார்.

மூன்று கிழமை எடுத்தது. ஒழுங்காகப் பேசின வரிசைகளிலும் அன்று ஒட்டியவை என்று சந்தேகமாக இருந்த பைகளைப் பிரித்தேன். இந்த முறை என் கணவர் வீட்டிலிருந்து மின்சார அடுப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து அறை மூலையில் வைத்தார். "பசை ஆறக்கூடாதாமே" என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

எல்லாக் கட்டைகளும் பேசிய நாளில் ஓர்கன் கட்டும் பெண் என்னைக் குழல் அறைக்குக் கூப்பிட்டார். பெரிய காற்றுப்பெட்டியின் பலகையை மூடப்போகும் நேரம். அதன் உட்புறத்தில் பென்சிலால் எழுதிய பெயர்கள் இருந்தன. முதன்முதல் அதைக் கட்டிய தொழிலாளர்கள். ஒருவர் தன் பெயருக்குக் கீழே "இன்று இந்தக் குளிர்காலத்தின் முதலாவது பனி" என்று எழுதியிருந்தார். தொழிலில் இது வழக்கம், திறந்து திருத்துகிற ஒவ்வொருவரும் எழுதுவோம் என்று சொல்லித் தன் பெயரை எழுதினார். பென்சிலை என்னிடம் தந்தார்.

"நான் துப்புரவு வேலைக்காரி" என்றேன்.

"இதற்குள் இருக்கும் தோல் முழுக்க உங்களுடையது. எழுதுங்கள்."

லத்தீன் எழுத்தில் தொடங்கப் போனேன். பிறகு மாற்றித் தமிழில் எழுதினேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்து, எப்படி வாசிப்பது என்று கேட்டு, இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பலகையை மூடித் திருகினோம்.

திறப்பு விழாவுக்கு மண்டபம் நிரம்பியிருந்தது. பேசாத படம் ஒன்று போட்டார்கள். வெளிச்சம் அணைந்ததும் தரையிலிருந்து ஓர்கன் எழுந்து வந்தது, வாசிப்பவரின் முதுகோடு. படம் முடிந்தபின் தலைவர் தன் பேச்சில் ஆதரவாளர்கள் எல்லோரையும் சொல்லி முடித்தபின் தாளை மடித்தார். பிறகு தாளில் இல்லாத ஒன்றைச் சொன்னார்: "எங்களுடைய தோல் வேலைக் கலைஞர் நடு வரிசையில் இருக்கிறார். நான் அவரை நம்பவில்லை. அது என்னுடைய பிழை." கைதட்டல் எங்கள் பக்கம் திரும்பியது. எழும்பி நிற்கச் சொல்லி என் கணவர் முழங்கையால் இடித்தார். நின்றேன்.

அதற்குப் பிறகு என் வேலை ஒப்பந்தத்தை மாற்றினார்கள். ஓர்கன் பராமரிப்பும், பார்வையாளருக்குக் கட்டடம் காட்டுவதும் என் பொறுப்பு. டொச்சில், ஜேர்மன் மொழியில்தான் சொல்வேன்: இருபதுகள், பேசிய படம், யுத்தம், எரிந்த கதிரைகள், பலகைச் சுவர்கள், தோல். என் டொச்சில் பிழை இருக்கும். யாரும் பாதியில் எழுந்து போனதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தமிழ்ச் சனங்கள் இரண்டு பஸ்ஸில் வந்தார்கள், கத்தோலிக்கரும் சைவரும் சேர்ந்து. அன்று முதன்முறையாக முழுக் கதையையும் தமிழில் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே புதிதாக இருந்தது. ஒருவர் கேட்டார்: "அக்கா, அப்ப இதுக்குள்ள இருக்கிற தோல் எல்லாம் உங்கட கைவேலையோ?"

நான் வாய் திறக்குமுன் பின்வரிசையிலிருந்து என் கணவரின் குரல் கேட்டது.

"ஓம், ஓம். என்ர மனுசிதான். வாங்கோ, கிட்ட வந்து பாருங்கோ."