நான் வரைந்த கோட்டோடு சென்னைக்கு

திங்கட்கிழமை, காலை 5.10. செஞ்சி பேருந்து நிலையம்.

அமாவாசைக்கு மறுநாள் விடியற்காலையில் செஞ்சியில் பஸ் ஏற நினைக்கிறவர்களுக்குப் புத்தி மட்டு என்று நானே பலரைக் கேலி செய்திருக்கிறேன். மேல்மலையனூர் அம்மன் கோயிலில் ராத்திரி முழுக்க விழித்திருந்த கூட்டம் சிறப்புப் பேருந்துகளில் வந்து இங்கே இறங்கும். அத்தனை பேருக்கும் சென்னைக்கே போக வேண்டியிருக்கும். அன்று நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றேன். என் அக்கா அருள்மேரியின் இடது பக்கம் யார் முழங்கையும் பட்டுவிடாதபடி இரண்டு கையாலும் வேலி போட்டு நடத்திக்கொண்டு போனேன்.

அக்காவுக்கு மார்பில் புற்றுநோய். ஏழு மாதத்துக்கு முன் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். இப்போது கதிர் சிகிச்சை நடக்கிறது, சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். பெயர் வேண்டாம். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் ஒரு முறை என்று ஐந்து வாரம். பக்கத்து லாட்ஜில் தங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்துவிடுவாள். மூன்று வாரம் மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், கூடப் போனார். இந்த வாரம் தொண்டூரில் அவர்கள் நிலத்தில் நெல் அறுப்பு. அறுவடை மிஷின் கிடைத்த நாளை விட்டால் பிறகு எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் இந்த வாரம் நான் துணை.

என் பேர் செலின். செஞ்சிக் கடைவீதியில் பிளவுஸ் தைக்கிறேன். அக்காவின் ஜாக்கெட்டுக்குள், தைத்த தழும்புக்கு மேலும் கீழுமாக இரண்டு ஊதாக் கோடுகளும் பக்கவாட்டில் ஒரு கூட்டல் குறியும் இருந்தன. கதிர் எங்கே விழ வேண்டும் என்று மிஷினுக்குக் காட்டுகிற அடையாளம் அது. அதை ஆஸ்பத்திரியில்தான் போட்டிருக்க வேண்டும். அன்று அவள் உடம்பில் இருந்ததைப் போட்டவள் நான்.

5.45.

மூன்றாவது பஸ்ஸில் இடம் கிடைத்தது. கிளாம்பாக்கம் வரை சுமார் நூற்றிருபது கிலோமீட்டர், ஆளுக்குத் தொண்ணூற்றைந்து ரூபாய். கண்டக்டர் கூட்டத்துக்குள் நீந்தி வந்து, "ஜன்னலோரம் உக்காந்திருக்கிற அம்மா, கைய உள்ள வைம்மா" என்றார். அக்கா இடது கையைத் தூக்கி ஜன்னல் கம்பியில் வைத்திருந்தாள். அக்குளில் வியர்த்தால் கோடு அழிந்துவிடும் என்ற பயம். "அது உள்ள வராதுங்க, ஆப்ரேசன் பண்ண கை" என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

பின்பக்கம் ராஜகிரி மலை இருட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து வந்தது. வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். எனக்கு அன்று அதன் உச்சி நான் போட்ட கோட்டைவிட நேராக இருக்கிறதே என்றுதான் தோன்றியது.

நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா என் வீட்டுக்கு வந்தாள், திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடிக்க. கதிர் பட்ட இடமெல்லாம் தோல் கறுத்து அரித்தது. மூன்று வாரமாக அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. கதிர் கொடுக்கிற பெண் வடக்கே எங்கிருந்தோ வந்தவள், முப்பது வயதிருக்கும். முதல் நாள் கோடு போட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில், "அம்மா, தண்ணி நோ. சோப்பு நோ. ஓகே?" என்று சொல்லியிருக்கிறாள். அக்கா ஓகே என்றாள். மேலாடை இல்லாமல் படுத்திருக்கும்போது சுவரைப் பார்த்தபடி வேறென்ன சொல்வாள்? அவள் அந்த இடத்தை மாமாவிடமே இன்னும் காட்டவில்லை.

சொன்னதை அப்படியே செய்தாள் என் அக்கா. தண்ணீர் இல்லை, சோப்பு இல்லை. கோயிலில் ஃபாதர் மந்திரித்துக் கொடுத்த எண்ணெய் வீட்டில் இருந்தது. அதை யாரும் நோ என்று சொல்லவில்லையே. "கொஞ்சம் தேச்சி வுடுடி, எரியுது" என்றாள். நானும் மாதாவை வேண்டிக்கொண்டே இதமாகத் தேய்த்தேன். துண்டால் ஒற்றியபோது கோடு முழுக்கத் துண்டுக்கு வந்துவிட்டது.

அக்கா துண்டையே பார்த்தாள். போன மாதம் திருத்தணிப் பக்கத்து அம்மா ஒருத்தி குளித்துவிட்டு வந்ததற்கு எல்லாரும் அவளைச் சுற்றி நின்று புரியாத பாஷையில் கத்தினார்களாம், அன்று கதிர் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்களாம். "அந்தம்மா அப்பறம் வரவே இல்லடி. என்னையும் நிறுத்திடுவாங்க" என்று அழுதாள். அழுகிறவளைச் சமாதானம் செய்ய எனக்குத் தெரிந்த ஒரே வழி வேலையைக் கையில் எடுப்பது. ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்த மூன்றாவது கடையில் ஊதா மார்க்கர் கிடைத்தது. டேப் எடுத்தேன். தோலில் கோட்டின் சாயை லேசாகத் தெரிந்தது, பாதி இடத்தில் அதுவும் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இவளுக்குத் தைக்கிறேன், இவள் அளவு எனக்குத் தெரியாதா என்று துணிந்து இழுத்துவிட்டேன். கோடு பார்க்க அச்சு மாதிரி இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வெட்கம்.

6.50. திண்டிவனம் தாண்டி.

பக்கத்தில் நெற்றி நிறையக் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்த அம்மா மலையனூரிலிருந்து வருகிறவர். மருந்து ஏற்றியதில் அக்காவின் தலைமுடி கொட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, மொட்டை என்று நினைத்து, "உங்களுக்கும் வேண்டுதலா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றாள் அக்கா.

"இன்னா உடம்புக்கு?"

"வாயுத் தொல்லைங்க."

அவர் மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார். அக்கா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஜெபமாலை வைத்திருந்த பையிலேயே போட்டாள். நோயின் பேரை மட்டும் அவள் வாய் சொல்லாது. சொன்னால் அது இன்னும் பெரிதாகிவிடும் என்று நம்புகிறாள். அவளைப் பார்த்துச் சிரிக்கிற நானும் வீட்டில் அதை "அந்த வியாதி" என்றுதான் சொல்கிறேன்.

மேல்மருவத்தூர் வரும்போதுதான் அந்த எண்ணம் என்னைப் பிடித்தது. பிளவுஸில் மார்பு உட்காருவதற்காகத் துணியை மடித்துத் தைப்பதை நாங்கள் டாட் என்போம். அக்காவுக்கு டாட் எங்கே வரும் என்பது என் கைக்குப் பாடம். நேற்று சாயை தெரியாத இடத்தில் என் கை எதை நம்பிப் போனது? இருபத்திரண்டு வருஷத்து அளவை. அந்த அளவுக்குரிய உடம்பு இப்போது இல்லையே! இடது பக்கம் தட்டையாகிவிட்டது, தோலை இழுத்துத் தைத்திருக்கிறார்கள், எல்லாம் ஒரு விரற்கடை இடம் மாறியிருக்கும். ஒரு விரற்கடை கீழே போனால் அங்கே என்ன இருக்கும்? என் இடது மார்பில் கை வைத்துப் பார்த்தேன். இதயம் அடித்துக்கொண்டிருந்தது.

அக்கா பக்கம் குனிந்தேன். "யக்கா, அவுங்ககிட்ட சொல்லிடலாம்க்கா" என்றேன் காதோரம்.

"எந்த பாஷையில சொல்லுவ?"

"தெரிஞ்ச பாஷையில."

"வாய மூடிக்கினு வா. நல்லாதான் பாத்துக்குறாங்க. அந்தப் பொண்ணு தங்கமான பொண்ணு. அது மனசு வெறுத்துடக் கூடாது." சொல்லிவிட்டு அவள் தூங்கிப்போனாள். கை மட்டும் கம்பியிலேயே இருந்தது.

10.55. ஆஸ்பத்திரி.

கிளாம்பாக்கத்தில் டீ பதினைந்து ரூபாய், செஞ்சியைவிட மூன்று ரூபாய் அதிகம். அங்கிருந்து இரண்டு மாநகரப் பேருந்துகள் மாறி வந்தோம். கதிர் சிகிச்சை நடப்பது தரைக்குக் கீழே. படி இறங்க இறங்கக் குளிர் ஏறியது. சுவரில் தமிழும் இங்கிலீஷும் இந்தியும் எழுதிய பலகைகள் இருந்தன. தமிழில் "கதிரியக்கப் பகுதி, அனுமதியின்றி உட்புகுதல் தடைசெய்யப்பட்டுள்ளது" என்று இருந்தது. அப்படிப் பேசுகிறவர்களை நான் பார்த்ததில்லை. எண்ணெயைப் பற்றி எந்தப் பலகையிலும் இல்லை, ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன்.

பெஞ்சில் இருபது பேர் இருப்பார்கள். எல்லாரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரும்புக் கதவு, அதன் தலைக்கு மேல் ஒரு விளக்கு. விளக்கு எரிந்தால் உள்ளே கதிர் பாய்கிறது என்று அர்த்தம். உள்ளே நோயாளி மட்டும்தான் இருப்பார், மற்றவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். மற்றவர்கள் பயந்து ஓடி வருகிற ஒன்றைத்தான் என் அக்காவின் மேல் நான் கோடு கிழித்து விழ வைக்கப்போகிறேன்.

11.40.

அக்காவைக் கூப்பிட்டார்கள். பச்சை அங்கியோடு உள்ளே போனாள், திரும்பிப் பார்த்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். ஐந்து நிமிஷத்தில் அந்த வடக்கத்திப் பெண் வெளியே வந்தாள். கதவு மெதுவாக மூட ஆரம்பித்தது.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "மேடம், நோ! கோடு... நான்!" என்றேன். அவளுக்குப் புரியவில்லை, கையை உதறினாள். பையிலிருந்து மார்க்கரை எடுத்து என் முன்கையில் ஒரு கோடு இழுத்தேன். கதவுக்குள் காட்டினேன். மறுபடி என் நெஞ்சில் அடித்துக்கொண்டேன். அவள் என் கையைப் பார்த்தாள், மார்க்கரைப் பார்த்தாள். ஓடிப்போய்ச் சுவரில் ஏதோ பொத்தானை அமுக்கினாள். கதவு நின்றது. விளக்கு எரியவில்லை.

தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டார்கள். பத்து வருஷம் அங்கே வேலை செய்து இந்தி கற்றுக்கொண்டவர். டாக்டரும் வந்தார். அவர் தமிழ்க்காரர்தான், மூன்று வாரத்தில் அக்கா அவரைப் பார்த்தது இரண்டு தடவை. அங்கியைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்திருந்த அக்காவைக் கடந்து என்னைக் கேட்டார்.

"யாரு வரைஞ்சது?"

"நான்தான் சார். நேத்து சாயங்காலம். எண்ணெ தேச்சதுல அழிஞ்சிட்டுது."

"நேத்து மட்டும்தானே?"

"ஆமா சார்" என்றேன்.

"இல்ல சார்" என்றாள் அக்கா. அவள் பக்கம் திரும்பினேன். "போன செவ்வாக்கெழமையே வேர்வையில பாதி போய்டுச்சி. லாட்ஜில பேனா வாங்கி நானே கண்ணாடி பாத்து போட்டுக்கினேன். தெனமும் காலையில போட்டுக்கினுதான் வந்தேன்."

துடைக்கிற அம்மா அதை இந்தியில் சொன்னார். வடக்கத்திப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். முந்தின ஷிப்ட்டில் வேறு யாரோ கோட்டை அழுத்திவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாளாம். அவள் கத்தவில்லை. கண் கலங்கியது அவளுக்கும்.

"ஏம்மா சொல்லல?" என்றார் டாக்டர்.

அக்கா அங்கியை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நான் தண்ணி ஊத்திக்கல சார். ஆனா கோடு இல்லாம வந்தா ஊத்திக்கினேன்னுதான நெனப்பாங்க? ஊத்திக்கலன்னு அவுங்களுக்கு நான் எப்டி சொல்லுவேன்?"

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வந்தார். வாரா வாரம் திங்கட்கிழமை ஒரு படம் எடுப்பார்களாம். போன திங்கட்கிழமைப் படம் சரியாக இருந்தது. செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு நாள் கதிர் எங்கே விழுந்தது என்று இப்போது சொல்ல முடியாது, கணக்குப் போட வேண்டும். இன்று கதிர் இல்லை. புதன்கிழமை புதிதாக ஸ்கேன், புதிய கோடு. பக்கத்தில் நின்றவரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது இரண்டு வார்த்தைகள்: ஹார்ட், லங்.

"சார், அக்காவுக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"பயப்படாதீங்க" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டபிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

பிற்பகல் 2.15. வெளியே.

வாசலில் மேசை போட்டு ஒரு பெண் தாள் கொடுத்துக்கொண்டிருந்தாள். "எங்கள் சேவை குறித்த தங்கள் திருப்தி நிலை" என்று தலைப்பு. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து முகங்கள், அழுவதிலிருந்து சிரிப்பது வரை. அடியில் நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள். நான் அதில் எழுதினேன்: "தண்ணீர் மட்டுமில்லை, எண்ணெயும் கூடாது, கோடு அழிந்தால் திட்ட மாட்டோம், வந்து சொல்லுங்கள் என்று எங்களுக்குப் புரிகிற தமிழில் முதல் நாளே சொல்லியிருந்தால் இந்த நான்கு நாள் பயம் எங்களுக்கு இல்லை."

அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தாள். "கிழிச்சிடு" என்றாள்.

"ஏன்க்கா? நெசம்தான?"

"நெசம்தான்."

"அப்பறம் இன்னா?"

என் கடையில் அளவு பிசகினால் வாடிக்கைக்காரி நாலு பேர் முன்னால் பிளவுஸைத் தூக்கி என் மிஷின் மேல் எறிவாள். எறிந்துவிட்டு எதிர்க் கடைக்குப் போவாள். அந்தத் திட்டை வாங்கி வாங்கித்தான் நான் தொழில் கற்றேன். கதிர் கொடுக்கிற பெண்ணும் கற்றுக்கொள்ள வேண்டாமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"ஒன் வாடிக்கைக்காரி போறதுக்கு எதிர்க் கடை இருக்குது" என்றாள் அக்கா. "பொதங்கெழம அந்த டேபிள் மேல துணியில்லாம படுக்கப் போறது நான். கதவ சாத்திட்டு அவுங்க எல்லாம் வெளிய போய்டுவாங்க. நீ வந்து படுப்பியா?"

நான் தாளைக் கிழித்தேன். மேசைக்குப் போய் இன்னொன்று வாங்கி வந்தேன். அக்கா அதை மடியில் வைத்து, பொறுமையாக, ஒரு கேள்வியையும் விடாமல், சிரிக்கிற முகங்களுக்கு நேராக டிக் போட்டாள்.