பயிற்சிக்கு உழுத வயல்

“…அதான் சொல்றேன் தம்பி, தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாது. கவர்மென்டே வந்து சும்மா உழுது குடுக்குது, நான் மோராவது ஊத்த வேணாமா?” என்றபடி அந்த அம்மா என் சொம்பை நிறைத்தார்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக எட்டிப் பார்க்கும் ஊர். ஆடி பிறந்தும் வாய்க்கால் காய்ந்து கிடந்தது. வேலைக்குப் பதிந்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த எங்களைத் திரட்டி, டிராக்டர் ஓட்டப் பழக்கியது அரசாங்கம். கடைசிச் சோதனை, நிஜ வயலில் உழுது காட்டுவது. தேறினால் சான்றிதழ், அதைக் காட்டினால் வேலை என்று பயிற்சி வாத்தியார் சொல்லியிருந்தார். வயலைப் பிடித்ததும் அவரே.

வயல் ஊர்ப் பெரிய பண்ணைக்குச் சொந்தம். குத்தகைக்குப் பயிரிட்டவர் அந்த அம்மாவின் வீட்டுக்காரர். அவர் காலமான பிறகும் அம்மா விடாமல் செய்துவந்தார். குத்தகைக்காரரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்திருந்த காலம். சாகுபடி செய்பவருக்கே உரிமை என்பதால், இந்த வருஷம் உழுதது யார், விதைத்தது யார் என்பதில்தான் எங்கள் பக்கத்தில் வழக்கும் அடிதடியும். இதெல்லாம் தெரிந்தவர்கள்தாம் நாங்கள். ஸ்டியரிங் கைக்கு வந்த சந்தோஷத்தில் ஒன்றும் உறைக்கவில்லை.

“வெத நெல்லு வீட்டுல காத்துக் கெடக்கு. ஏரு புடிக்க வழியில்லாம தவிச்சேன். இனிமே புழுதியிலயே வெதச்சுடுவேன்” என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே பண்ணைக் காரியக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“என்ன வாத்தியாரே, பண்ணை டீசல் போதுமா இருந்துச்சா?”

அம்மா சிரித்தார். “பண்ணை டீசலா? இது கவர்மென்டு வண்டி இல்லீங்களா?”

“வண்டி கவர்மென்டு, டீசல் பண்ணை. இந்த வருஷத்துலேருந்து பண்ணையே சொந்தமா சாகுபடி பண்ணுது. பண்ணைக்காக உழுதோம்னு சாட்சி சொல்ல வாத்தியார் இருக்காரு, இத்தனை தம்பிங்க இருக்காங்க.”

எனக்கு வாய் சும்மா இருக்காது. “நாங்க பாஸாவறதுக்குத்தானே உழுதோம்?” என்றேன்.

“ஆகுங்க, யாரு வேணாங்கறா? பண்ணைக்குன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லுங்க, டிரைவர் வேலையும் சேந்து வரும்.”

வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். காசில்லாமல் ஓணான் பிடிக்கத்தான் எங்களைப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்களோ என்று அப்போதுதான் பட்டது.

அம்மா காரியக்காரரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வாத்தியாரே, நேத்து என்ன சொன்னீங்க? வயலை மட்டும் விடுங்க, சும்மா உழுது தரோம்னுதானே?”

வாத்தியார் ஏற்கெனவே துடைத்த இன்ஜினை மறுபடி துடைத்தார். “பயிற்சிக்கு ஒரு வயல் வேணும்னு மேலேருந்து சொன்னாங்கம்மா. மத்தது எனக்குத் தெரியாது.”

“மோரு குடிச்ச வாயி, ஈரங்கூடக் காயலியே” என்றார் அம்மா.

எனக்குக் கிளட்சும் கியரும் பிடிபடாத நாளில், ‘பயப்படாதே, மண்ணு பொறுத்துக்கும்’ என்று தோளைத் தட்டிய மனிதர் அவர். அந்தத் தட்டலை நம்பித்தான் வீட்டில் வேலை கிடைத்த மாதிரியே பேசிவந்தேன். இப்போது அவர் எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அம்மா மோர்ப்பானையை வரப்பிலேயே விட்டுவிட்டு விறுவிறுவென்று வீட்டுப் பக்கம் போனார்.

“போயி செங்கொடி புடிக்கிறவங்களக் கூட்டியாரும் பாருங்க” என்று காரியக்காரர் சிரித்தார்.

அம்மா தனியாகத்தான் வந்தார், தலையில் விதைக்கூடையோடு. சேலையை வரிந்து கட்டி, கிழக்கு மூலையிலிருந்து இறைக்கத் தொடங்கினார். “ஏம்மா, ஏம்மா!” என்று காரியக்காரர் வரப்பில் ஓடினார். அம்மா காதில் வாங்கவில்லை. வரப்பை ஒட்டி வயலுக்குள்ளேயே டிராக்டர் நின்றது, அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தேன் நான். பக்கத்தில் வந்ததும், ஒதுங்கிப் போவார் என்று நினைத்தேன். குனிந்து, சக்கரத்துக்கு அடியிலும் ஒரு பிடி விதையை வீசிவிட்டு மேலே நடந்தார்.