பையை உதறச் சொன்னவரின் கார்

போன செவ்வாய்க்கிழமை மயிலாடுதுறையில் என் கடைக்கு ஒரு பழைய வெள்ளைக் கார் வந்தது. ஏசி போட்டால் சூடாகக் காற்று வருகிறதாம். கொண்டுவந்தவருக்கு முப்பது வயசு இருக்கும், துபாயில் வேலை என்றார். பானெட்டைத் தூக்கினேன். வைக்கோல் தூசும் எலி மூத்திரமும் கலந்த வாடை குப்பென்று அடித்தது. காரின் முகம் மறந்துபோகும் எனக்கு, வாடை மறக்காது. இது குடவாசல் சபாபதியின் கார்.

அந்த வாடையைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் தாளடி அறுவடை முடிந்ததும் வயலில் இருந்த எலியெல்லாம் வீட்டைப் பார்த்து வந்துவிடும். சபாபதியோ கார் கொட்டகையிலேயே விதைநெல் மூட்டைகளை அடுக்கி, மேலே வைக்கோலையும் போட்டுவைப்பார். எலிக்கு இலை போட்டுப் பரிமாறிவிட்டுப் பக்கத்திலேயே காரையும் நிறுத்துவது! நெல்லைத் தின்ற எலி பல்லைத் தீட்ட ஒயருக்கு வரும். "மூட்டைய வேற எடத்துல போடுங்க ஐயா" என்றால், "என் வீட்டு எலிக்கு என் காரத் தொடத் தைரியம் வருமா?" என்பார். அப்படி ஒரு மனுஷன்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயசு. ஒரு ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரீசியன். ஒரு தை மாதம் அவர் காரில் ஏசி கம்ப்ரஸருக்குப் போகும் ஒயரைச் சரிசெய்து அனுப்பினேன். வீட்டில் நாலு நாள் நிறுத்திவைத்துவிட்டு ஏசி போட்டுப் பார்த்திருக்கிறார். ஓடவில்லை. ஒயரில் ஒரு சாண் நீளத்தைக் காணோம். நேரே ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றார். நான்தான் அறுத்து எடுத்துக்கொண்டேனாம்.

எதிரே டீக்கடையில் பத்துப் பேர். "பைய உதறுடா" என்றார். முதலாளியைப் பார்த்தேன். அவர் தலையைத் தூக்காமல் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். உதறினேன். ஒரு ஃப்யூஸ், பாதி டேப், பச்சை ஒயர்த் துண்டு ஒன்று விழுந்தன. எந்தக் கார் எலக்ட்ரீசியன் பையில் ஒயர்த் துண்டு இல்லாமல் இருக்கும், நீங்களே சொல்லுங்கள்? அவர் காரில் காணாமல் போனது கறுப்பு. ஆனால் கலரை யார் பார்த்தார்கள்? "பாத்துக்கங்கய்யா!" என்று டீக்கடையைப் பார்த்துக் கத்தினார். அன்றைக்கே வேலை போயிற்று. ஒயர் திருடன் என்ற பெயர் எனக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. திருப்பனந்தாளில் பெண் பார்க்கப் போனேன், அங்கேயும் காபிக்கு முன்னால் அந்தப் பேச்சுதான் வந்தது.

அவரைக் கறுவிக்கொண்டே சோறு தின்ற வருஷங்கள் அவை. நாசமாய்ப் போகவேண்டும் என்றெல்லாம் பெரிதாகக் கேட்கவில்லை. வேர்க்கவேண்டும். பட்டுச் சட்டையும் அதுவுமாக நடுரோட்டில் வேர்த்து வழியவேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

மூன்றாம் வருஷம், நான் சொந்தக் கடை போட்டபிறகு, கத்திரி வெயிலில் வந்தார். வேறு யாருக்கும் சரிசெய்ய வரவில்லையாம். மறுபடி அதே ஒயரைக் காணோம். பேட்டரிக்கு அடியில் ஓர் எலிக்கூடு இருந்தது. வைக்கோல், உமி, நடுவில் பொடிப்பொடியாகக் கறுப்பு ஒயர். உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு போய்க் காட்டினேன்.

"பாருங்க ஐயா. அன்னைக்கும் இதான் நடந்துருக்கு."

குனிந்து பார்த்தார். "இந்தத் தடவ எலி" என்றார். "போன தடவ நீ."

அதற்கப்புறம்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஈயம் வைத்துப் பற்றவைக்காமல் இரண்டு ஒயரையும் வெறுமனே முறுக்கி, டேப்பை ஒரே சுற்று சுற்றி, எஞ்சின் சூடு நேராக அடிக்கிற புகைக்குழாய் ஓரம் விட்டேன். பத்து நாளில் டேப் இளகும், முறுக்கு விடும். வேர்வையோடு என் வாசலில் வந்து நிற்பார். "திருடன் கடையில உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்பேன். குளிக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வரவேயில்லை. அந்தக் கத்திரியிலும் வரவில்லை, அடுத்த கத்திரியிலும் வரவில்லை. பிறகு நானே கேள்வியை மறந்துபோனேன். ஆத்திரம் மட்டும் மறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமைப் பழுது சின்னதுதான். ஒரு பிளக்கில் பச்சைக் களிம்பு, சுரண்டினால் தீர்ந்தது. என் கை சும்மா இருக்குமா? புகைக்குழாய்ப் பக்கம் போயிற்று. அடப்பாவி! என் முறுக்கு, என் ஒரு சுற்று டேப். சூட்டில் இளகி, ஒயரோடு ஒட்டி, கல்லாட்டம் இறுகிக் கிடந்தது. சூட்டுக்குப் பயந்து எலியும் அந்தப் பக்கம் வரவில்லை. பதினெட்டு வருஷம்! நான் ஒழுங்காகச் செய்த வேலைகூட இத்தனை நாள் நின்றதில்லை. கெடுதல் செய்யக்கூடத் துப்பில்லாத கை.

"அப்பா போயி ஆறு மாசம் ஆச்சுண்ணே" என்றார் வந்தவர். "கடைசி வரைக்கும் ஏசி இல்லாம ஏறமாட்டாங்க. யாரோ ஒரு திருட்டுப் பய செஞ்சு குடுத்த வேலையாம். 'திருடனா இருந்தாலும் தொழில்காரன்டா'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

அந்தப் பயல் யாரென்று அவருக்குத் தெரியாது. வாய்வரை வந்துவிட்டது. சொல்லி என்ன செய்ய? முதலாளி செத்துப்போனார். ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் துணிக்கடை. ரோட்டை அகலப்படுத்தியதில் டீக்கடையும் போயிற்று. அன்றைக்கு வேடிக்கை பார்த்த பத்துப் பேரில் ஒருவர் முகம்கூட எனக்கு நினைவில்லை.

அந்த முறுக்கை வெட்டி எடுத்தேன். புது ஒயர் வைத்து, ஈயம் விட்டு ஒழுங்காகப் பற்றவைத்தேன். காற்று ஜில்லென்று வந்தது. மகன் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

வெட்டிய துண்டு என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. சபாபதி காரிலிருந்து நான் ஒயர் எடுத்தது இதுதான் முதல் தடவை. பையை உதறச் சொல்லத்தான் ஆள் இல்லை.