நாவுல கந்தோரின் சீல்

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தபால்காரர் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். அந்த வேலையைக் கேட்டவர்கள் இரண்டு பேர்: நானும், என் மனைவியின் அண்ணனும். எங்கள் இருவருக்குமே சைக்கிள் விடத் தெரியாது. பெரிய கிளாக்கர் சைக்கிள் பழகப் பதினைந்து நாள் தவணை கொடுத்தார். அதன்பின் ஆளுக்கொரு நாள் நாவுல டவுன் தபால் கந்தோருக்குப் போய், அவர் தரும் கடிதத்தில் சீல் வாங்கி, பகல் கொழுந்து நிறுவைக்குள் திரும்ப வேண்டும். போக வர முப்பது மைல்.

வேலை கிடைத்தால், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைக்கலாம். எனக்கு அப்போதே இடுப்பு போயிருந்தது.

தோட்டத்துச் சைக்கிள் ஒன்றுதான். வேலை விட்டு வந்து ஒருநாள் அவன், மறுநாள் நான். அவன் நெட்டை. தன் முறை முடிந்ததும் சீட்டை உயர்த்தி இறுக்கிவிட்டு, ஸ்பேனரை மடியில் செருகிக்கொண்டு போய்விடுவான். வேறு ஸ்பேனர் கேட்க எனக்குக் கூச்சம். நின்றபடியே மிதித்து விழுவேன். மதகில் ஆட்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, “மாப்புள்ள, கொழுந்துக் கூடையக் கட்டிக்கிட்டு விழுங்க, அடிபடாது,” என்பான். அவன் கால் ஒடியட்டும் என்று வேண்டிக்கொண்டே எழுந்திருப்பேன்.

முதல் முறை அவனுடையது. முந்தின நாள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: முதல் கோழி கூவும்போது கிளம்பி, பெரட்டு நேரத்துக்கு நாவுலவில் நிற்பானாம். தோட்டத்தில் விடிகாலையில் பேர் பதியப் பெரட்டுக் களத்தில் ஆள் கூடும்போதே எல்லாம் திறந்திருக்கும். கந்தோரும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டான். நானோ பிரஜாவுரிமை விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் போட மாத்தளைக்குப் போய், வெயில் ஏறும்வரை கந்தோரின் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றவன். எனக்குத் தெரியும். தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எட்டு மணிக்கெல்லாம் அவன் திரும்பிவிட்டான். கதவு பூட்டியிருந்ததால், நிற்கப் பொறுமையில்லாமல், எதிரே இருந்த தேத்தண்ணிக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கி வந்திருந்தான்.

கிளாக்கர் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். “கடைக்காரன் கையெழுத்துல எந்த ஊர்லடா தபால் போகுது?” என்றார்.

மறுநாள் பெரட்டு முடிந்துதான் நான் கிளம்பினேன். இரண்டு தடவை விழுந்தேன். ஏற்றங்களில் தள்ளிக்கொண்டு போனேன். சீலோடு வந்தபோது நிறுவைக்குத் தராசு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சோறு போடும்போது மனைவி கேட்டாள். “கந்தோரு தொறக்கிற நேரம் ஒங்களுக்குத் தெரியுந்தானே?”

தெரியும் என்றேன்.

“அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்ல இஷ்டமில்ல,” என்றேன்.

இருபது வருஷமாகத் தபால் பையைச் சுமக்கிறேன். அவன் இன்னும் கவ்வாத்து மலையில்தான். கடிதம் வந்தால் என் கையிலிருந்து வாங்கமாட்டான். வாசல்படியில் வைத்துவிட்டு வருவேன். சைக்கிளை என்னைவிட அவன்தான் நன்றாக ஓட்டினான். அதை அவனிடம் சொன்னதில்லை. சொல்லப்போவதுமில்லை.