சுண்ணாம்புப் பட்டை போட்ட மரங்கள்

சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றியதும் எழுமே, சூடாக, மூக்கை அரிக்கும் ஒரு வாசனை. கிளேபாங்கில் யாரோ கடைச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்கு நின்றிருந்த நான் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போனேன். போய் என்ன? வாசனையும் சாலையைக் கடந்து வந்தது.

அந்தக் காலத்தில் பெம்பானுக்கு உள்ளே எங்கள் ரப்பர் தோட்டம். ரப்பர் முடிகிற இடத்தில் அரசாங்கக் காடு. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குக் குடிதண்ணீர் தந்த ஓடை அந்தக் காட்டுக்குள்ளிருந்துதான் வந்தது. மழை பொய்த்த ஒரு வருடம் ஓடை வற்றி, சேற்றைத் துணியில் வடிகட்டிக் குடித்தோம். கரை மரங்களையெல்லாம் விறகாக்கி எரித்துவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. கோயில் முன்னால் கூட்டம் போட்டோம். ஓடைக்கரையில் பச்சை மரத்தைத் தொடக்கூடாது. காய்ந்து விழுந்ததை ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கலாம். மலாய்க்கார வனக்காவலரும் சரியென்றார். அவரிடம் எங்களுக்காகப் பேசியது நான். பெம்பான் பாசாரில் காய்கறி விற்று மலாயை நன்றாகக் கற்றிருந்தேன். காட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் புல்வெட்டுகிற ஒருவரிடம் கொடுத்தோம். எல்லாருக்கும் அவர் அண்ணன்.

காக்க வேண்டிய மரங்களுக்கு அடையாளம் வேண்டும். "ஒத்தக் கோடு போட்டா நம்மாளு தொடச்சிட்டு வெட்டிருவான். மூணு வெரலால பட்டை போடுங்க. சாமி நெத்தி மாதிரி இருந்தா எவன்லா கத்தி வைப்பான்?" என்றார் அண்ணன். சிரித்தோம். பெண்கள் சுண்ணாம்பு கரைத்தார்கள், ஆண்கள் பூசினோம். ஓடைக்கரை முழுக்கத் திருநீறு அணிந்து நின்றது. வேறு கண்ணுக்கு அது திருநீறாகத் தெரியாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த மரங்களில் ஒன்றை நானே வெட்டினேன். இளமரம், கோழிக்கூண்டுக்குக் கம்பம். அண்ணன் பிடித்துவிட்டார். காலைப் பெரட்டில், ஆள் பெயர் கூப்பிடும் நேரத்தில், அதை என் தலையில் ஏற்றி லயத்தைச் சுற்றி வரச் சொன்னார்.

"மாப்ள, நேரா நட! கோழி பாத்தா சிரிக்கும்!" என்றான் ஒருவன். எனக்குப் பேசி முடித்திருந்த பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னைப்போல் சுற்றியவர்கள் அந்த லயத்தில் பலர். அவர் யாரையும் விட்டதில்லை. தன் மனைவியையும் சுற்ற வைத்தார்.

அவளைக் கட்டி, பிள்ளையும் பிறந்த பிறகு, வெள்ளைக்காரன் அவசரகாலம் அறிவித்தான். லயத்தைச் சுற்றி முள்வேலி. பொழுது சாய்ந்தால் வெளியே தலை காட்டக்கூடாது. காட்டுக்குள் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் என்றார்கள். ஒரு காலை ராணுவ லாரி பெரட்டுக் களத்துக்கே வந்து நின்றது. மலாய் சார்ஜன் கேட்டான்: மரங்களில் வெள்ளைக் குறி போட்டு கொரில்லாக்களுக்கு வழி காட்டியது யார்?

முன்பு ஒருமுறை விறகுக் கட்டோடு சுற்றி வந்த ஒரு பெண் கையை நீட்டினாள். "அந்தா, அவருதான்! காட்டுக்கே ராஜா அவருதானே!"

அண்ணனுக்கு மலாய் ஓடாது. என்னைக் கூப்பிட்டார். "தம்பி, வெவரமா சொல்லுப்பா. கூட்டம் போட்டு முடிவு பண்ணது, ஓடைத் தண்ணிக்காக. எல்லாருந்தான் பூசினோம். காவக்காரருக்கும் தெரியும்னு சொல்லு."

சார்ஜன் என்னைப் பார்த்தான். என் நாக்கில் அத்தனை சொற்களும் இருந்தன. தலையில் அந்தப் பச்சை மரத்தின் பாரமும் இருந்தது.

"தான்தான் செய்ததாகச் சொல்கிறார்," என்றேன் மலாயில்.

பொய்யில்லை, பட்டை போடச் சொன்னவர் அவர்தான். எனக்குப் பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் சந்தையில் பேசுகிற பாசார் மலாய் ஓரளவு புரியும். ஒருவர் வாய் திறந்திருந்தால் போதும். ஒரு செருமல்கூட எழவில்லை. அன்று காலைபோல் நாங்கள் எதிலும் ஒற்றுமையாக இருந்ததில்லை.

அண்ணன் என் வாயையே பார்த்தார். "நா அம்புட்டு சொன்னேன். மலாய்ல இவ்ளோதானா?"

அவரைத் தடுப்புமுகாமில் வைத்திருந்து, பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். கொரில்லாக்கள் ஒளியக்கூடாதென்று காட்டோரத்தை வெட்டித் தள்ள உத்தரவு வந்தது, நாங்களே வெட்டினோம். பட்டை போட்ட மரங்களில் கோடரி சுலபமாகவே இறங்கியது. நான்கு நாள் விருந்துபோல் விறகு. அடுத்த மழைக்கு ஓடை செம்மண் குழம்பாக வந்தது. அதைக் குடித்த பிள்ளைகளில் இரண்டு பிழைக்கவில்லை. ஒன்று என் பிள்ளை.

இதையெல்லாம் அன்று அறியாமல் களத்தில் நின்றோம். அண்ணனின் கைகளைப் பின்னால் கட்டி லாரியில் ஏற்றினார்கள். அவர் மனைவி ஓடிப்போய் லாரியின் பின்கதவுச் சங்கிலியைப் பிடித்தாள். பிடித்த விரல்களைத் துப்பாக்கிக் கட்டையால் தட்டி விலக்கினான் ஒரு சிப்பாய். லாரி உறுமியது. அண்ணன் அவளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. களத்தைப் பொதுவாகப் பார்த்துச் சொன்னார்:

"இனிமே யாரையும் கேக்க வேணாம்லா. போய் வெட்டிக்குங்க."