கைவைத்தியரின் விடுமுறை

அலுவலகத்தில் எல்லோரும் அவரைக் கைவைத்தியர் என்றுதான் கூப்பிட்டார்கள். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி அது. எங்காவது லிஃப்ட் நின்றுபோனால் கன்ட்ரோல் ரூமுக்கு ஃபோன் வரும். அங்கே புகாரைப் பதிவு செய்தால் போதும், பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்குக்கு மென்பொருளே வேலையை அனுப்பிவிடும். கம்பெனி அந்த மென்பொருளை வாடகைக்கு எடுத்திருந்தது. அது எங்கோ இருக்கும் கணினிகளில் ஓடியது. ஆனால் எந்தப் புகார் யாருக்குப் போக வேண்டும், எந்தப் படிவத்தில் என்னென்ன கட்டங்கள் வேண்டும் என்பதையெல்லாம் கம்பெனிக்குத் தகுந்தாற்போல அமைத்து வைத்தவர் இவர்.

யாராவது மேஜையருகே வந்து தலையைச் சொறிந்தால் போதும். சொல்லி முடிப்பதற்குள் வேண்டியதை மாற்றிக் கொடுத்துவிடுவார். அத்தனை பேரும் அந்த நேரத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் மென்பொருளிலேயே, அவர்கள் பாஷையில் சொன்னால் லைவிலேயே, கை வைப்பார். ஓடுகிற வண்டிக்குச் சக்கரம் மாற்றுகிற காரியம்தான். பெரும்பாலும் வண்டி கவிழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

எதை மாற்றினார், எதற்காக மாற்றினார் என்பது அவர் தலைக்குள் மட்டுமே இருந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை. எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டும் வேறு வேறுதான். ஆனால் அவர் ஊரில் இல்லாத நாளில் மற்றவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

அதனால் அவர் ஊரில் இல்லாத நாள் என்று ஒன்று வரவே இல்லை. மைத்துனர் வீட்டுக்குப் போனால் மாடிப்படியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பார். மகள் பட்டம் வாங்கிய அன்று, மேடையில் அவள் பெயரை வாசித்தபோது, வெளியே தாழ்வாரத்தில் யாருக்கோ ஒரு கட்டத்தை அகலமாக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி தபால் அலுவலகத்தில் கவுன்ட்டரில் வேலை பார்ப்பவள். சண்டை போடுகிற சுபாவம் இல்லை. யாராவது விசாரித்தால் மட்டும், "அவரா? அவரு ஆபீஸோட வந்திருக்காரு. நான்தான் தனியா வந்திருக்கேன்" என்பாள்.

போன வருடம் வேறொரு கம்பெனியிலிருந்து இவர் பிரிவுக்கு ஒரு பெண்மணி வந்து சேர்ந்தார். ஏறக்குறைய இவர் வயது, இவருக்குச் சமமான பதவி. வந்த வாரமே ஒரு புது முறையைச் சொன்னார். எல்லா அமைப்புகளின் மூலமும் ரெப்போ என்ற பொதுக் களஞ்சியத்தில் இருக்க வேண்டும். மாற்றம் எதுவானாலும் அங்கேதான் எழுத வேண்டும், காரணத்தோடு. இன்னொருவர் படித்துச் சரி சொன்ன பிறகு, பைப்லைன் என்ற தானியங்கி ஏற்பாடு அதைச் சோதித்து லைவுக்குக் கொண்டுபோகும். லைவ் என்பது ரெப்போவின் நகல் மட்டுமே. ரெப்போவில் இல்லாத எதுவும் லைவில் இருந்தால் பைப்லைன் அதைத் துடைத்துவிடும். இன்னொருவர் பார்த்தாரா என்று கேட்காமல் எதையும் விட மாட்டார் என்பதால் அவருக்கு ரிவ்யூ அம்மா என்ற பெயர் சீக்கிரமே ஒட்டிக்கொண்டது.

கைவைத்தியருக்கு எரிச்சல் தாங்கவில்லை. "உப்புப் போடறதுக்கும் கமிட்டி கூட்டணுமா மேடம்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"யாரு போட்டாங்கன்னு தெரியலைன்னா ரெண்டு பேரு போட்டுடுவாங்க சார்."

கன்ட்ரோல் ரூம் ஒரு வாரம் சிரித்தது. அவரும் சிரித்தார், வீட்டுக்குப் போய்.

ஆனால் அவர் மாறியது அந்தப் பதிலால் அல்ல. நல்ல வாதத்தால் மனிதர்கள் மாறுவது அபூர்வம். மனைவி ஏரிக்கரையில் ஒரு வீட்டைப் பல மாதம் முன்கூட்டியே ஒரு வாரத்துக்கு வாடகைக்குப் பதிவு செய்துவிட்டு வந்து சொன்னாள்: "லேப்டாப் வராது. நீங்க வரீங்களா, இல்ல நான் மட்டும் போகட்டுமா?" குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. இந்த முறை தோற்றால் அவள் இனிமேல் கேட்கவே மாட்டாள் என்று அவருக்கு உறைத்தது.

அன்றிலிருந்து தலைக்குள் இருந்ததையெல்லாம் ரெப்போவுக்கு இறக்கி வைக்கத் தொடங்கினார். மாதக்கணக்கில் நடந்த வேலை. ஒவ்வொன்றுக்கும் ரிவ்யூ அம்மா "இது எதுக்கு?" என்று கேட்பார். சிலவற்றுக்கு இவருக்கே பதில் தெரியவில்லை. ஒரு படிவத்தில் 'நீலம்' என்று ஒரு கட்டம் இருந்தது. போட்டவர் இவர்தான், ஏன் என்று நினைவில்லை. பயந்துகொண்டே எடுத்தார்கள். ஒரு ஈ காக்கை கூடக் கேட்கவில்லை. இறக்க இறக்க அவருக்கு நிம்மதியாக இருந்தது. கூடவே, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தவர் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பதுபோல ஏதோ ஒரு குறையும் இருந்தது.

கிளம்ப வேண்டிய வெள்ளிக்கிழமை. பையைத் தோளில் மாட்டிவிட்டார். கன்ட்ரோல் ரூம் பெண் ஓடி வந்தாள். "அண்ணா, போறதுக்கு முன்னாடி ஒரே ஒண்ணு." முதியோர் குடியிருப்பு ஒன்றில் மிகப் பழைய வகை லிஃப்ட். அதன் குணம் மீசை என்ற மெக்கானிக்குக்கு மட்டும்தான் தெரியும். மென்பொருளோ பக்கத்தில் இருப்பவரை அனுப்பிவிடுகிறது. போனவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். அந்தக் கட்டடத்துப் புகார் மீசைக்கு மட்டும் போகும்படி செய்ய முடியுமா?

ரிவ்யூ அம்மா பல் டாக்டரிடம் போயிருந்தார். இவர் அதை ரெப்போவில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் பழைய கை துறுதுறுத்தது. நின்றபடியே கணினியைத் திறந்து லைவில் ஒரு விதியைப் போட்டுவிட்டு மூடினார். திங்கட்கிழமை ரெப்போவில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். திங்கட்கிழமை தான் ஏரிக்கரையில் இருக்கப்போவது மட்டும் அந்தக் கணக்கில் வரவில்லை. "நீங்க இருந்தாத்தான் அண்ணா ஆபீஸ்" என்றாள் அவள். அந்தச் சொல் வழியெல்லாம் இனித்தது.

திங்கள் மதியம் மனைவி வாசல் கொடியில் ஈரத் துண்டுகளை உலர்த்திக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. அவள் திரும்பவில்லை. கிளிப் ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

ரிவ்யூ அம்மாதான். முதியோர் குடியிருப்பில் லிஃப்ட் நின்றுவிட்டதாம். புகார் வேறொருவருக்குப் போய், அவர் அரை மணி நேரம் முழித்துக்கொண்டு நின்றாராம். மேல்மாடிப் பெரியவர்கள் சாப்பாட்டுக் கூடத்துக்கு இறங்க முடியாமல் காத்திருந்தார்களாம்.

"நான் ரூல் போட்டுட்டுத்தானே வந்தேன் மேடம். நல்லா பாருங்க, இருக்கும்."

"இருந்திருக்கும் சார். காலையில பைப்லைன் ஓடுச்சு. ரெப்போல இல்லாததைத் துடைச்சிடுச்சு."

அவருக்கு முகம் சூடேறியது. முன் அறையில் வீட்டுக்காரரின் கணினி ஒன்று இருப்பதைக் கண் தானாகத் தேடிப் பார்த்தது. "நான் இங்கேர்ந்தே ஒரு நிமிஷத்துல..." என்று ஆரம்பித்தார்.

"வேண்டாம் சார். மீசையை ஃபோன்ல கூப்பிட்டு அனுப்பியாச்சு, லிஃப்டும் ஓடிட்டிருக்கு. நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

சொன்னார். எந்தக் கட்டடம், எந்த வகை லிஃப்ட், ஏன் மீசை என்று எல்லாவற்றையும் முதல்முறையாக வாய்விட்டுக் காரணத்தோடு சொன்னார். மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"மீசை லீவு போட்டா யாருக்குப் போகும்?"

தான் போட்ட விதியை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். போகாது; யாருக்கும் போகாது. மீசைக்கு விடுமுறை என்று ஒன்று இருக்கலாம் என்றே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. ஒரு உதவி செய்வதாக நினைத்து, தான் இத்தனை வருடம் மாட்டிக்கொண்டிருந்த அதே கயிற்றை அந்த ஆளின் காலிலும் கட்டிவிட்டு வந்திருக்கிறார். திரும்பி மனைவியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரிக்கத் தொடங்கினார்.

"அவருக்கும் வீட்டுல ஒருத்தங்க இருப்பாங்கல்ல மேடம். கூட இன்னொரு மெக்கானிக்கை அனுப்பிக் கத்துக்கச் சொல்லணும். ரூல்ல ரெண்டாவது பேருக்கு இடம் விட்டு எழுதுங்க."

"எழுதிட்டேன். கன்ட்ரோல் ரூம் ரிவ்யூ பண்ணட்டும், அவங்கதானே கேட்டது. அப்புறம் சார்..."

"சொல்லுங்க."

"இன்னொரு தடவை லைவ்ல கை வச்சீங்கன்னா உங்க வீட்டம்மாகிட்ட சொல்லிடுவேன்."

"அவ பக்கத்துலதான் நிக்கறா."

கொஞ்ச நேரத்தில் ஒரு வரிச் செய்தி வந்தது: லைவுக்குப் போயாச்சு. மாற்றத்துக்கான காரணத்தையும் அதன் கீழே அனுப்பியிருந்தார் ரிவ்யூ அம்மா: 'பெரியவர்கள் நேரத்துக்குச் சாப்பிட இறங்க வேண்டும்; மெக்கானிக்குகளும் விடுமுறை போக வேண்டும்.' கைவைத்தியர் அதை இரண்டு முறை படித்தார். இதில் பாராட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. செய்திருக்க வேண்டியதைத்தான் செய்திருக்கிறார்கள். ஆனாலும் மூன்றாம் முறையும் படித்தார்.

செவ்வாய்க்கிழமை ஃபோன் வரவில்லை. புதன்கிழமையும் இல்லை. ஏரிக்குள் நீண்டிருந்த மரப் படித்துறையின் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தவரை, கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி மனைவி பார்த்தாள்.

"என்ன, ஒருத்தரும் கூப்பிடலையேன்னு இருக்கா?"

"இருக்கு" என்றார்.

"பொய் சொல்லல, அதுவரைக்கும் நல்லது. பழகிடும். இறங்குங்க."

ஃபோனைச் செருப்பின்மீது வைத்து மேலே துண்டைப் போட்டார். தண்ணீர் அவர் நினைத்ததைவிடக் குளிர்ந்திருந்தது. கொஞ்ச தூரம் நீந்திப் போனபின், வழக்கப்படி, கரையிலிருந்த செருப்பைத் திரும்பிப் பார்த்தார். மனைவி ஒரு கை தண்ணீரை அள்ளி அவர் முகத்தில் அடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது எது செருப்பு, எது துண்டு என்று அங்கிருந்து சரியாகத் தெரியவில்லை. அவளைத் துரத்திக்கொண்டு நீந்தினார்.